இருபத்தாறாம் திகதி

நேற்றிரவு ஒரு தொடையை மட்டும் யாரோ கடித்திருந்தார்கள்.
காணிக் கதை வந்ததும்
அண்ணன் எழும்பிப் போய்விட்டார்.
பொரித்த கோழி
நெஞ்சில் முள்ளுக்கரண்டி குத்தியபடி கிடந்தது.

விடியவும் மழை. தாண்டவன்வெளி ஒழுங்கையில்
முழங்கால் தண்ணீர்.
கட்டுநாயக்காவுக்கு வேன் வராதாம்.

சதையைப் பிய்த்தேன். தோல் பூனைக்கு.
எலும்பைச் சட்டியில் போட்டு
இஞ்சி, நசுக்கிய மிளகு,
சலாட்டுக்கு வெட்டி மிஞ்சிய கரட், நாலு போஞ்சி,
வாடிய லீக்ஸின் பச்சைப் பக்கம்,
மதிலோரம் நனைந்து நின்ற முருங்கையில் ஒரு பிடி இலை.
மேலே மிதந்த கொழுப்பை
அகப்பையால் வழித்து வழித்து எடுத்தேன்.
நேற்றுச் சொன்ன சொல்லை அப்படி எடுக்க வழியில்லை.

பத்து மணியிருக்கும்,
சூரிச் ஜக்கெட்டோடு குசினி வாசலில் நின்றார்.
கோப்பையை நீட்டினேன்.
ஊதினார். ஒரு மிடறு.
"உப்புக் காணாதே, அனிற்றா."
"உங்களுக்குப் பிரஷர்."

அடியில் கிடந்த போஞ்சியை
விரல் விட்டுக் கிளறித் தின்றார்.
பிறகு, மேசையில் நேற்றிலிருந்தே கிடந்த
உறுதியின் போட்டோக்கொப்பி மேல்
கோப்பையை வைத்தார்.
ஈரம் வட்டமாய் ஊறியது,
எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

கண்டேன். எடுக்கவில்லை.
இன்னும் ஒரு அகப்பை ஊற்றினேன்.