பொக்குச் சத்தம்

சாட்சிக் கூண்டில் ஏறுமுன்
கம்பு ஊன்றிய கல்லில் ஒரு சத்தம்.
பொக்கு.
நாலு மூலைக்கு நாலு உருண்டைக் கலவை,
நடுவில் காற்றை அடைத்து
ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்
எவனோ ஒரு அவசரக்காரன்.
பாளையங்கோட்டைக் கோர்ட்டில்
அன்று என் காதில் விழுந்த
முதல் பொய் அது.

பெயர்?
சங்கிலிபூதத்தான்.
தொழில்?
டைல்ஸ் ஒட்டுதேன்.
'ஒட்டினேன்' என்று திருத்தினார்
என் வக்கீல் தேவசகாயம்.
ஒரு எழுத்துதான் மாறியது.

மாதம் இருபத்திரண்டாயிரத்துக்கு ரசீது உண்டா?

பேட்டையில மூணு வீடு,
டவுன்ல ஒரு நகைக்கடை மாடி,
போய்ப் பாருங்க சார்.
நடுக்கூடத்துல கோலிக்குண்டை வையுங்க, உருளாது.
குளிக்கிற ரூம்புல ஒரு வாளி ஊத்துங்க,
தண்ணி தானாத் தூம்பைத் தேடிப் போவும்.

இன்சூரன்ஸ் வக்கீல் சிரித்தார்.
'ரசீது இல்லை' என்று தட்டச்சானது.

சீதபற்பநல்லூர் தாண்டி,
ஆனி மாதத்துச் சாரலில்,
விளக்கில்லாமல் பின்னுக்கு வந்தது ஜல்லி டிப்பர்.
ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே இருந்தது,
உள்ளே அரைக்கிலோ கத்தரிக்காயோடு.
ஆமா என்றேன். மறைக்கவில்லை.
நொறுங்கியது இடது தொடை.
தலையில் ஒரு கீறல் கிடையாது.
ஆனாலும் இருபது சதவீதத்தைக் கழித்தது
தலைக்காகத்தான்.

அதற்கு முன்னால் ஹைகிரவுண்டில்
மருத்துவக் குழு.
குத்த வச்சு உக்காருங்க என்றார்கள்.
பாதி தூரம் போனேன்,
மீதி தூரம் விழுந்தேன்.
நாற்பது என்று எழுதினார் நடுவில் இருந்தவர்.
இடது கால் ரெண்டரை சென்டிமீட்டர் குறைவு.

ரெண்டு மில்லி தப்பினாலே
பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிறவன் நான்.
ரெண்டரை சென்டிமீட்டரை
எந்தக் கலவை போட்டு மட்டம் செய்ய?
மீதி அறுபதில் நான் நிற்கலாம், நடக்கலாம்,
டீக்கடை பெஞ்சில் உட்காரலாம்.
தரையில் மட்டும் உட்கார முடியாது.
என் பிழைப்பு முழுக்கத் தரையில் கிடந்தது.

நாலு வருசம் கழித்துத் தீர்ப்பு.
பத்தாயிரம் என் வருமானமாம்.
வயசு முப்பத்திநாலுக்குப் பெருக்கல் எண் பதினாறு.
வலிக்கு ஐம்பதாயிரம்.
சத்துணவுக்குப் பத்தாயிரம்
(முட்டை எத்தனை என்று எவரும் எண்ணவில்லை).
உடனிருந்து கவனித்தவருக்குப் பன்னிரண்டாயிரம்.

கவனித்தவள் முப்பிடாதி.
நானூற்றுப் பத்து நாள்
பீடித் தட்டைப் பரணில் ஏற்றிவிட்டு
என் மூத்திரச் சட்டியைத் தூக்கியவள்.
மாறாந்தைக்குத் திரும்பும் பஸ்ஸில்
விரல்மடித்துக் கணக்குப் போட்டாள்.
"நாளைக்கு இருபத்தொம்பது ரூவா வருது.
இலையும் தூளும் தந்து
பீடிக் கம்பெனிக்காரன்கூட
இதைவிடக் கூடத் தருவானே."
பிறகு சிரித்தாள்.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்,
கங்கைகொண்டானில் போகிற ரயிலைப் பார்க்கிறவள் மாதிரி.
அந்த ரோட்டில் ரயிலே கிடையாது.

எட்டு லட்சம் கைக்கு வரவில்லை.
பாதியை பேங்கில் போட்டுவிட்டார்கள், ஐந்து வருசத்துக்கு.
மீதிக்குக் கையெழுத்துப் போட
மறுபடி அதே கோர்ட்டு, அதே கல்.
கம்பு தட்டியதும் அதே சத்தம்.
இப்போது விளிம்பில் மயிரிழை விரிசல்.

டவாலியிடம் சொன்னேன்:
அண்ணாச்சி, இந்தக் கல்லு பொக்கு,
ஒருநாள் உடையும்,
எவனாவது கால் இடறி விழுவான்.
அவர் கல்லைப் பார்த்தார்,
என் காலைப் பார்த்தார்.
"மனு எழுதிக் குடும்வே" என்றார்.

முப்பிடாதி என் முழங்கையைப் பிடித்தாள்.
அந்த ஒரு கல்லை மட்டும் விட்டு
அடுத்த கல்லில் கால் வைத்தாள்.