வலப்பக்க ஜன்னல்

எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில்
பதில் சொல்வது என் வேலை.
கோச்சபம்பாவுக்கு எவ்வளவு தூரம் என்று
நாளுக்கு நாற்பது பேராவது கேட்கிறார்கள்.
இருநூற்று முப்பது கிலோமீட்டர்.
முப்பத்தைந்து நிமிடம்.
சொல்லிச் சொல்லி இரண்டு எண்களும்
பற்களைப் போல வாயில் ஊன்றிவிட்டன.
நான் விமானம் ஏறியதில்லை.
அதை யாரும் கேட்டதுமில்லை.

சாலை மறியலின் ஐந்தாம் நாள்
எவுலோஹியா திக்கோனா வந்தாள்.
மழைக்குப் பாலித்தீன் உறை போட்ட தொப்பி,
முதுகில் கம்பளி மூட்டை.
பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்றாள்.
எட்டு மணி, சாலை திறந்திருந்தால்.
திறக்காவிட்டால்?
அதற்கு என்னிடம் எண் இல்லை.

அவள் புருஷன் ஃபெர்மின் பஸ் ஓட்டுகிறவன்.
கொன்ஃபிதால் கணவாயில்
உருட்டிவிட்ட பாறைகளுக்கும் எரிகிற டயர்களுக்கும் பின்னால்
முந்நூறு வண்டிகளில் ஒன்றாக நிற்கிறான்.
பயணிகள் இறங்கி நடந்துவிட்டார்கள்.
அவன் வரமாட்டான்,
பஸ் கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.
போன் அடங்கி இரண்டு நாள்.
அந்தப் பக்கத்திலிருந்து ஏறினால் கிட்டே, என்றாள்.
பிறகு கேட்டாள்:
விமானம் அவன் தலைக்கு மேலேயா போகும்?

நாற்பது பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி.
சுவர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.
விமானம் நூல் பிடித்த மாதிரி போகிறது.
சாலையோ தெற்கே ஒருரோ வரை போய்
மறந்ததை நினைத்துக்கொண்டதுபோல்
கிழக்கே திரும்புகிறது.
மேலே போகாது, என்றேன்.
வலப்பக்கம், வெகு தூரத்தில், மேகம் இல்லையென்றால்...
வலப்பக்கம் கொடு, என்றாள்.

தண்ணீர்ப் புட்டியில் கடைசி வாயை
என் முன்னாலேயே குடித்துவிட்டு
மூடியை இறுக்கித் திருகி
மூட்டைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து
அதே தொப்பி என் கவுண்டரில்.
சாலை தெரிந்ததா?
மேகம். முப்பத்தைந்து நிமிடமும் மேகம்தான்.
அதற்கும் சேர்த்துத்தானே டிக்கெட் வாங்கினாய்.
திட்டுகிறாளா சிரிக்கிறாளா
தெரியவில்லை.

பிறகு சொன்னாள்:
விமானம் ஏறஏற
மூட்டைக்குள் புட்டி நசுங்கியதாம்.
நாங்கள் மேலே போகிறோம்,
அது மட்டும் ஏதோ பள்ளத்தில் இறங்குகிறது.
கோச்சபம்பாவில் எடுத்துப் பார்த்தால்
யாரோ மிதித்த மாதிரி.
எறிய மனசில்லை.
பாலாடைக்கட்டி, சோளம், கம்பளியோடு
அதையும் கணவாய்க்குத் தூக்கிப் போனாளாம்.
ஃபெர்மின் முதலில் கேட்டது சிகரெட்.

மறியல் விலகி, பஸ்ஸைக் கிளப்பி
உச்சிக்கு வந்தபோது
பின் இருக்கையில் 'டப்' என்று ஒரு சத்தம்.
டயர் போச்சு என்று
அவன் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டான்.
புட்டி நிமிர்ந்திருந்தது.

இதோ, என்று கவுண்டரில் வைத்தாள்.
முழுசாக நின்றது,
நகத்தால் கீறினதுபோல் மெல்லிய கோடுகள் மட்டும்.
திறக்காதே, இங்கே மூடினது.
வாசலில் ஃபெர்மின் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்,
அங்கே நிறுத்தக் கூடாது.

எவ்வளவு தூரம் என்று கேட்டால்
இன்றைக்கும் அந்த இரண்டு எண்களைத்தான் சொல்கிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.
டிக்கெட்டை நீட்டும்போது மட்டும்
எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள்
என்று கேட்டுவைக்கிறேன்.