மைனஸ் ஐம்பத்து மூன்று

மாஹுல் கழிமுகம். வற்றம்.
ஜனார்தன் கோலி துடுப்பால் சேற்றைக் குத்த
குமிழ்கள் எழுகின்றன, அடுப்பில்லாத உலைபோல.
கவிழ்த்த புனலில் பிடித்துப் புட்டியை அடைக்கிறேன்.

சாக்கடை வாயு என்கிறது ஆலை.
குழாய் ஓட்டை என்கிறது குடியிருப்பு.
ஹார்பர் லைன் ரயிலில், என் மடியில்,
சாட்சி மட்டும் வாய் திறக்கவில்லை.

பவாயில், குளிரூட்டிய அறையில்
கனத்த கார்பனையும் லேசான கார்பனையும்
மூன்று முறை நிறுத்துப் பார்த்தது இயந்திரம்:
மைனஸ் ஐம்பத்து மூன்று.
சாக்கடைக்கு இது கனம்.
குழாய்க்கோ லேசு.

அப்படியானால்
என்றோ கசிந்த கச்சா எண்ணெய்.
நாம் கணக்கை மூடிவிட்டோம்.
மூச்சுக்குக் காற்றே கேட்காத வாய்கள்
இருட்டில் இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன,
லேசானதை முதலில்.
கனத்தது, பந்திக்குப் பின் எச்சில் இலையோடு
அடியில் கிடக்கிறது.
இந்த ஓரவஞ்சனைதான்
எங்களுக்குக் கைரேகை.

அறிக்கையில் 'மூலம்' என்ற கட்டத்தில்
'பழைய எண்ணெய்' என்று எழுதி
ஜனார்தனுக்குப் போன் போட்டேன்.

"இதுக்கா மூணு வாரம்?"
சிரிப்பில்லை, கோபமும் இல்லை.
பின்னால் வாளிச் சத்தம்.
வலையின் கறுப்பை
மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.