பிழைத்தார்

பதினைந்து நாள் கெடு.
சனி ஞாயிறு கணக்கில் வராது என்றாள் வக்கீல் தண்டேக்கா.
வெருலத்தில் கரும்பு லாரிக்கு ஞாயிறு கிடையாது,
சும்மா நிற்கும் லாரிக்கோ
எல்லா நாளும் ஞாயிறு.
முற்றத்தில் இரண்டு நிற்கின்றன.
ஒன்றின் சக்கரத்தடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

ஒப்பந்தம், பதினேழாம் பிரிவு:
எழுதிக் கையெழுத்திடாத எந்த மாற்றமும்
மாற்றமே அல்ல.

பாலத்தை ஆறு கொண்டுபோன இரவு
ஆலை மேலாளர் போனில் சொன்னார்:
"தண்ணி வடியட்டும், அவசரமில்லை சாலாச்சி."
ஒன்பது நாள் வடிந்தது.
பத்தாம் நாள் அவருடைய கடிதம் வந்தது.
அதில் எனக்குப் பெயர் இல்லை,
நான் "ஒப்பந்ததாரர்".

யாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு
அந்த ஆறு வந்தது?
கேட்கவில்லை நான்.
கூண்டில் கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

இனி மேல்முறையீடு.
அதற்கு முதலில் அனுமதி வாங்கவேண்டுமாம்.
யாரிடம்?
தீர்ப்புச் சொன்ன அதே நீதிபதியிடம்.
"ஐயா, நீங்கள் சொன்னது தப்பென்று
மேலே போய்ச் சொல்லிக்கொள்ளட்டுமா?"
கிஸ்டன் சிரித்துவிட்டான்.
"மாமியார்கிட்டயே உத்தரவு கேட்டு
மாமியார் மேல கோள் சொல்லப் போற மாதிரி."
வழக்குத் தோற்றபின் அவன் சிரித்தது அன்றுதான்.

தண்டேக்கா எழுதிய காரணங்கள் ஏழு.
இரவு, சோற்றுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு
இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தேன் அவனுக்கு.
"கற்றறிந்த நீதிபதி தவறிவிட்டார்..."
"ஐயையோ, எப்ப?"
இல்லையப்பா.
"கற்றறிந்த நீதிபதி பிழைத்தார்..."
"அப்பாடா" என்றான்.

அதன்பின் இருவரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
பிழை அவருடையது.
பிழைப்பு போனது எங்களுடையது.
ஒரே சொல்லின் இரண்டு முனையையும்
எந்த வக்கீல் பிடித்துக் கொடுப்பார்?

பதினைந்தாம் நாள். டர்பன்.
பதிவாளர் சாளரம் மூன்று மணிக்கு மூடும்.
மணி இரண்டு நாற்பது.
எனக்கு முன்னால் நான்கு பேர்,
நான்காமவரிடம் ஒரு பெட்டி நிறையக் காகிதம்.

குமாஸ்தா எச்சில் தொட்டுப் புரட்டினாள்.
ஆறாம் பக்கத்தில் நின்றாள்.
"இங்கே கையெழுத்து இல்லை."
தண்டேக்காவின் பேனா எழுதவில்லை.
பெட்டிக்காரர் திரும்பிவந்து தன்னுடையதைத் தந்தார்,
எந்த வழக்கு என்று கேட்காமல்.

முத்திரை சாய்ந்து விழுந்தது.
தேதி தெரிகிறது, போதும்.

படியிறங்கும்போதே போன் செய்தேன்:
"கொடுத்தாச்சு. வாங்கிக்கிட்டாங்க."

"வாங்கிக்கிட்டதா வாயால சொன்னாங்களா,
எழுதித் தந்தாங்களா?"