புளியரைக்கு இந்தப் பக்கம்

டயர் கடை மாடியில் நாங்கள் மூன்று பேர்.
முருங்கை, வெண்டை, லாரி, வாடகை, பில்
எல்லாம் ஒரே நிரல், பதினோரு வருஷமாய்.
ஜிஎஸ்டியில் ஒரு பைசா திருத்தினால்
லாரி நிற்கும்.
போன ஓணத்துக்கு நின்றது, நாற்பது நிமிஷம்.
பாவூர்சத்திரம் முழுக்க எங்கள் பெயர் நாறியது.

பதினாலாகப் பிரித்துவிடலாம் என்கிறான் பினீஷ்,
கொச்சியிலிருந்து, திரையில்.
ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடுமாம்.
ஓடும்.
விழுந்தது எதுவென்று
ராத்திரி இரண்டு மணிக்குப்
பதினாலு கதவைத் தட்டுவது யார்?
இசக்கித்துரைக்கு இப்போதுதான் பெண் பிறந்திருக்கிறாள்.

ஒரே அடுக்களையில்
உப்பு என்றால் கை நீளும்.
இனி உப்புக்கும் செக்போஸ்டில் வரிசை:
சீட்டு, முத்திரை, மழை,
பதில் வராத சில நொடி.
சரக்கு ஏறியது என்கும் பில்.
ஏறவில்லை என்கும் கிடங்கு.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
ஆரியங்காவில் லாரி காலி.

சர்வர் வாடகையை மூன்று தடவை கூட்டினேன்.
இந்த மாடிக்குக் கொடுப்பதைப்போல்
ஒன்பது மடங்கு.

குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை மட்டும் கழற்றினேன்.
அது செத்தாலும்
வியாபாரிகள் போன் போட்டுத் திட்டிவிடுவார்கள்.
பில்லில் கை வைக்கவில்லை.

"ஒன்று போதும். மீதி ஓணம் கழித்து"
பினீஷுக்கு எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
மலையில் மழை போலும்,
ஒற்றை டிக்.