ஒரு விரற்கடை

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் டயர் கடை ஓர்வில்.
எல்கோ நகரத்து ஏப்ரல் குளிர்
ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து வந்து
கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி
ஒரு விரலைப் படுக்க வைத்துக் காட்டினேன்.
இவ்வளவு.

கொல்டோவைக் கேட்டால்
முப்பத்தைந்து அங்குலம் போடு என்பான்.
என் கணவனின் தம்பி.
போன வருஷம் அவன் போட்டான்.
ஸ்பிரிங்கைத் தூக்கினான், ஃபெண்டரை அறுத்தான்,
ரிம்மையும் மாற்றினான்.
இப்போது அவன் மனைவி வண்டியில் ஏற
பால் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போடுகிறாள்.
பெட்ரோல் பங்க்கில் அவனைப்
பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறார்கள்.

எனக்கு வாய்த்தது
கம்பெனியிலிருந்து வந்த அதே ரிம்.
அகலம் ஏழரை அங்குலம்.
பிடித்து ஒன்பது வருஷமாகியும் விடாத ஏழரை.
அதை மாற்றக் காசில்லை.
அதற்குள் அடங்குகிற உயரம் எதுவோ
அதுதான் என் உயரம்.

விஷயம் ஒரு கல்.
ஆட்டு முகாமுக்குப் போகும் பாதையில்
பதினாறாம் மைல்,
இரண்டு தடங்களுக்கும் நடுவில்
மண் கரையக் கரைய வெளியே வருவது.
கடப்பாரை போட்டு நெம்பினோம்.
மலையின் முழங்கை போலிருக்கிறது, அசையவில்லை.
தண்ணீர், மாவு, நாய்த்தீனி,
ஃபௌஸ்தினோ கேட்ட டார்ச் பேட்டரி
எல்லாம் ஏற்றிப் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும்
பின் அச்சின் நடுவே தொங்கும் இரும்புக் குடம்
அதில் உட்கார்ந்து
நறநறவென்று பல்லைக் கடிக்கும்.
நானும் கூடவே கடிப்பேன்.

ஓர்வில் என் வண்டிக் கதவிலேயே
சாக்பீஸால் வரைந்தார்:
"ஸ்பிரிங்கைத் தூக்கினால் உடம்பு உயரும்,
அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.
அச்சைத் தூக்க டயரால்தான் முடியும்.
ஒன்றரை அங்குலம் கூட்டினால்
பாதி கல்லுக்கு மேலே சேரும்.
மீதிப் பாதி
வானத்துக்கு."

அகலமான ஒன்றை உருட்டி வந்தார்.
அழகு. தோள் பருத்த காளை.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்
சட்டத்தில் உரசும் என்றார்.
அப்புறம் மூலையிலிருந்து
யாரும் கேட்காத ஒன்று:
உயரம் உண்டு, சதையில்லை.
கொல்டோ பார்த்தால் சைக்கிள் டயர் என்பான்.
"சேற்றை மிதிக்காது, கிழித்து இறங்கும்.
உன் ரிம்முக்குச் சரியாக உட்காரும்."
நாலு வாங்கினேன்.
ஐந்தாவதற்கு
ஆட்டுக்குட்டி விற்கவேண்டும்.

களத்து முற்றத்தில் இடமும் வலமும் கடைசிவரை திருப்பினேன்.
பின்னால் எடுக்கையில் மட்டும்
மட்ஃபிளாப் உஸ்ஸென்றது.
ரொட்டிக் கத்தியால் ஒரு மூலையைச் சீவினேன்.
அத்தோடு சரி.

சனிக்கிழமை
மீட்டர் பொய் சொல்ல ஆரம்பித்திருந்தது.
அறுபது என்று அது சொல்ல
நான் போனது அதற்கும் மேலே;
பதினாறு மைல் கல்
பதினைந்தேகாலிலேயே எதிரில் வந்து நின்றது.
பிரேக்கைத் தொடாமல், மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு
ஊர்ந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

அச்சு சரியாகக் கல்லுக்கு மேலே நிற்கும்படி நிறுத்தி
இறங்கி
ஈர மண்ணில் மல்லாந்து படுத்து
அடியில் கையை விட்டேன்.
விரல் நுழைந்தது.
ஒரே விரல்.
மோதிரம் போட்டிருந்தால் நுழைந்திருக்காது.

முகாமில் ஃபௌஸ்தினோ
டயரைப் பார்த்தான், என் முதுகுச் சேற்றைப் பார்த்தான்,
பேட்டரியை வாங்கிக்கொண்டான்.
மீட்டரில் பத்தொன்பது மைலாக இருந்த உன் கூடாரம்
இன்றைக்குப் பதினெட்டு என்றேன்.
அடுப்பில் தண்ணீரை வைத்தபடி
"நான் நகரவில்லை, அம்மணி" என்றான்.

திரும்பும்போது வண்டி காலி.
கல் வரும் இடத்தில்
பழக்கத்தில் பல்லைக் கடித்தேன்.
ஸ்டெப்னி மட்டும்
பழைய அளவிலேயே
அடியில் சங்கிலியில் ஆடிக்கொண்டு வந்தது.