கீழ்வீட்டுக்குக் கேட்பது

முதலில் போட்டது செத்த இறால்.
தொண்டியிலிருந்து ஐஸில் வந்தது, ஒன்றே ஒன்று.
மீன்காரர் தராசைத் தொடாமல்
சும்மா கொண்டுபோங்க என்றார்.

அது அழுக வேண்டும்.
அழுகலைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாதவை வர வேண்டும்
அவற்றின் கழிவைத் தின்ன இன்னும் சில.
பிறகுதான் மீன்.
உமையாளிடம் இதைச் சொன்னபோது
இருநூறு லிட்டர்னா எத்தனை கிலோ, என்றார்.
கீழ்வீட்டுக்காரர், காப்பீட்டு முகவர்.
அவர் கட்டிலுக்கு நேர்மேலே என் கடல்.

பகலில் ஆய்வுக்கூடத்தில்
இரும்புத் தகடுகளுக்கு உப்புப்புகை காட்டுகிறேன்.
எத்தனை மணியில் துரு, எந்த ஓரத்தில் முதல் கொப்புளம்
எழுதிக்கொள்கிறேன்.
மாலையில் வாளியில் உப்பைத் துழாவுகிறேன்.

காரைக்குடிப் பங்குனிக்கு
நாளுக்கு மூன்று லிட்டர் போகும்.
போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உட்கார்ந்திருக்கும்.
வேதியியல் படித்த நான்
முதல் வாரம் முழுக்க உப்புத்தண்ணீரையே ஊற்றி
ஒரு குட்டிச் சாக்கடலை ஆக்கிவைத்தேன்.

மீன் வந்தாச்சா, மாடிப்படியில் உமையாள்.
இல்லை.
மறுவாரம், வந்தாச்சா?
பாறையெல்லாம் பழுப்புப் பாசி வந்திருக்கிறது.
அது நல்லதா?
நல்லதாம்.
பவளமா அந்தப் பாறை?
பவளத்தைத் தொட்டால் சட்டம் பிடிக்கும்,
இது நானே குழைத்த சிமெண்ட்.
அவர் சிரிக்கவில்லை.
ராத்திரி பூரா மோட்டார் உறுமுது, என்றார்.
அடியில் ரப்பர் வைத்தேன்.
இன்னும் உறுமுது, என்றார்.

சோதனைக்குழாய் பச்சை தெளிந்து மஞ்சளாக
நாற்பத்தொரு நாள்.
இரண்டு கோமாளி மீன்கள்,
பண்ணையில் பொரித்தவை, கடலைப் பார்க்காதவை.

வைகாசியில் ஒரு ராத்திரி இரண்டு பத்துக்குக்
கதவு இடிபட்டது.
கையில் செம்போடு உமையாள், தலைமுடி அவிழ்ந்து.
சத்தம் நின்னுபோச்சு.

கரண்ட் போய், இன்வெர்ட்டரும் போய்
நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஆளுக்கொரு செம்பு.
மொண்டு, உயரத் தூக்கி, ஊற்றினோம்
காற்று கலக்கட்டுமென்று.
செல்போன் வெளிச்சத்தில் மீன்கள்
ஒரு மூலையில் வாயை வாயைத் திறந்தன.
மூன்றே முக்கால் வரை ஊற்றினோம்.
ஒரு பாலிசி எடுத்துருக்கலாம் இதுகளுக்கு, என்றார் நடுவில்.

காலையில் பார்த்தால்
அவர் இறங்கிப்போன ஈரத்தடம் படிகளில் காய்ந்து
வெள்ளை வெள்ளையாய், பதினோரு படிக்கும்.

மோட்டாருக்குப் புது ரப்பர் மாற்றினேன், தடித்தது.
சாயங்காலமே மேலே வந்துவிட்டார்:
சத்தம் கம்மியா இருக்கே,
ஓடுதா?